மூவேந்தர் சென்ற பின்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று அன்பர்கள் நகைத்தல் இயல்பே. நன்னூலும் தொல்காப்பியமும் ஓதிப் பிராசீன பண்டிதர் பரீட்சைக்குத் தோற்றிய காலத்தில், "ஐம்பது வயதைக் கடந்த பின் நீ கழுத்திலே விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்பாய்" என்று எவரேனும் சோதிடம் கூறியிருந்தால் நானும் நகைத்தேயிருப்பேன்.

நடந்தது இதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவரிடத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதிபர் என்னை அழைத்து, "பண்டிதர், நீங்கள்தான் நாடோறும் பின்னேரம் வேப்பமரத்தின் கீழே இருந்து பொடியன்களின் ஆட்டத்தைப் பார்க்கிறீர்களே, குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருங்கள், கையொப்பம் வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்" என்றார். கையொப்பம் வைக்கத்தானே என்று நானும் இசைந்தேன். ஆயின் பொறுப்பு என்னும் சொல்லுக்குப் பொறு என்பதே பகுதி என்பதைப் பிறருக்குக் கற்பிக்கும் நான் அன்று மறந்துவிட்டேன்.

ஊரும் பந்தும்

திருகோணமலையை நேரிற் காணாதவர்களுக்கு ஒரு சொல். ஒரு புறம் கோணேசர் மலை. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். அதன் அடிவாரத்துக் கோட்டையினுள்ளே புள்ளிமான்கள் அஞ்சாது உலாவும். மற்றொரு புறம் மலைகள் சூழ்ந்த உட்டுறைமுகம். பெருங்கப்பல்கள் புயலுக்கு அஞ்சாது ஒதுங்கத்தக்க ஆழம் உடையது. போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொண்டது இத் துறைமுகத்தின் பொருட்டே. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் இதன் பொருட்டே. சீனக்குடாவில் ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்க் குதங்கள் 99 இன்றும் காடு சூழ நிற்கின்றன. 1957ஆம் ஆண்டிலே ஆங்கிலக் கடற்படை இத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து நீங்கிற்று.

அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் பந்தும் ஒன்று என்று ஊர் முதியோர் சொல்வர். கப்பல் மாலுமிகளோடு வெறுங்காலால் ஆடியவர்களின் பேரர்கள் இன்று ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கேய்சர் விளையாட்டரங்கிலும் ஆடுகின்றனர். புனித சூசையப்பர் கல்லூரியும், விபுலானந்த அடிகள் ஒருகால் தலைமை தாங்கிய இந்துக் கல்லூரியும் இவ்வூரின் பழம்பெருங் கலைக்கூடங்கள். அவை ஒன்றையொன்று எதிர்த்து ஆடும் நாளில் கடைத்தெருவிலே பேச்சு வேறில்லை. எங்கள் பாடசாலை அவற்றைப்போற் பெயர் பெற்றதன்று. துறைமுகத் தொழிலாளரும் மீன்பிடிப்போரும் தம் மக்களை அனுப்பும் சிறிய பாடசாலை; மைதானத்தின் ஒரு கோடியிலே மணல், மறு கோடியிலே நெருஞ்சி.

அத்தகைய பாடசாலை சென்ற ஆண்டு இறுதியாட்டம் வரை முன்னேறிற்று. அதற்குக் காரணர் மூவர். முன்வரிசையில் வலம், நடு, இடம் என நின்று ஆடிய அம் மூவருக்கும் 'மூவேந்தர்' என்று பட்டஞ் சூட்டியவன் நானே. வலப்புறம் ஓடியவன் சேரன். நடுவில் நின்று கோலடித்தவன் சோழன். இடப்புறம் வளைந்து வளைந்து வந்தவன் பாண்டியன். பெயர் பாடசாலையில் தொடங்கிச் சந்தைக்கும் சென்றது. மீன் விற்கும் பெண்மணி ஒருவர் என்னை மறித்து, "ஐயா, சோழன் கால் நோவு மாறிற்றோ?" என்று கேட்டதுண்டு. இறுதியாட்டத்தில் ஒரு கோலாலே தோற்றோம். ஆயினும், "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று ஊரெல்லாம் கூறிற்று.

அடுத்த ஆண்டு வந்தது. மூவேந்தர் வரவில்லை.

பாடசாலைக் குழு என்பது சங்கக் குழுவைப் போன்றதன்று. சங்கத்தில் ஆடுபவன் கால் ஓயும்வரை ஆடலாம். பாடசாலையிலோ, ஒருவன் ஆட்டத்தின் நுட்பம் முழுதும் அறியும் வேளையிலே வயதெல்லையும் உயர்தரப் பரீட்சையும் ஒருங்கே வந்து அவனை வெளியே அனுப்பிவிடும். பழம் கனிந்தவுடன் காம்பினின்று நீங்குதல் போன்றது அது. சேரன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானான். சோழன் தோகாவில் இருக்கும் தமையனிடம் வேலைக்குச் சென்றான். பாண்டியன் சீனக்குடாவில் ஓர் ஆலையில் இரவு முறை வேலையில் அமர்ந்தான். மூன்றும் நல்ல செய்திகளே. மூன்று வீட்டிலும் அடுப்பு நன்றாக எரியும். ஆசிரியனாக மகிழ்ந்தேன், பொறுப்பாசிரியனாகக் கலங்கினேன்.

தோன்றா எழுவாய்

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அப் பிழைக்கு வேறெவரும் பங்காளியல்லர்.

புதிய குழுவின் முதற் பயிற்சி நாளன்று மூவேந்தரின் பெரிய நிழற்படம் ஒன்றைக் கண்ணாடியிட்டு விளையாட்டு அறைச் சுவரிலே தொங்கவிட்டேன். அதன் கீழே பிள்ளைகளை நிரையாக நிறுத்திச் சிற்றுரை ஒன்று ஆற்றினேன். சேரனின் வேகம், சோழனின் குறி, பாண்டியனின் வளைவு என ஒவ்வொன்றையும் எடுத்தோதினேன். பின்னர் 7, 9, 11 எண்கள் பொறித்த அவர்களுடைய மேற்சட்டைகளை மூன்று புதுப் பிள்ளைகளுக்கு முடிசூட்டுவது போல அணிவித்தேன். பிள்ளைகள் தலை குனிந்து நின்றனர். அதனை அடக்கம் என்று கருதினேன். அது அச்சம் என்பது பின்னரே விளங்கிற்று.

இரண்டு கிழமை சென்றபின், குடாவின் அக்கரையிலிருந்து ஒரு பாடசாலைக் குழு நட்பாட்டத்துக்கு வந்தது. ஒருகாலத்தில் கிண்ணியாவிலிருந்து வருவோர் பாதைப் படகுக்குக் காத்திருந்து வருவர். 2009ஆம் ஆண்டிலே பாலம் திறந்த பின் அரை நாட் பயணம் சிறு பயணமாயிற்று. வந்தவர்கள் களைப்பின்றி வந்தனர். நான்கு கோல் அடித்தனர். நாங்கள் ஒன்றும் அடிக்கவில்லை.

எங்களுக்குப் பயிற்சி அளிப்பவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். ஊதியம் பெறாதவர், தேநீரும் வெற்றிலையும் போதும் என்பவர். ஆட்டம் முடிந்ததும் அவர் என்னருகே வந்து அமர்ந்து நெடுநேரம் வெற்றிலை மென்றார். பின்னர், "சேர், ஒண்டு கவனிச்சீங்களோ? பொடியன்கள் பந்தைப் போனவனுக்கல்லோ குடுக்கிறாங்கள்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார். நடுக்களத்திலிருந்து பந்தை உயர்த்தி அடிக்கும் பிள்ளை, ஓராண்டாகச் சோழன் ஓடி வந்து பந்தைப் பெறும் இடம் எதுவோ, அவ்விடத்துக்கே அடிக்கிறான். அவ்விடத்தில் இன்று எவரும் இல்லை. புதிதாக 9ஆம் எண் அணிந்தவன் குள்ளன். பந்தைக் காலடியிற் பெற விரும்புபவன். அவன் ஓரிடத்தில் நிற்க, பந்து வேறோரிடத்தில் விழுகிறது. பதினொருவரும் கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டாமவன் ஒருவனோடு ஆடுகின்றனர்.

இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'வந்தேன்' என்றால் 'நான்' என்பது சொல்லாமலே விளங்கும். அது வாக்கியத்துக்கு அழகு. மைதானத்திலோ தோன்றா எழுவாயால் ஒரு வினையும் முடியாது. அந்த எழுவாயைப் படமாக்கி ஆணியடித்துத் தொங்கவிட்டவனும் நானே.

பாண்டவர் போயினர், பலராமர் வந்தார்

அன்றிரவு உறக்கம் வராமல், உலகத்திலே இத்தகைய இடர் வேறெவருக்கேனும் நேர்ந்ததோ என்று எண்ணினேன். பழைய விளையாட்டு நூல்களையும் குறிப்புகளையும் புரட்டினேன். நேராத குழுவே இல்லை என்று கண்டேன்.

கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் என்னும் புகழ்பெற்ற கழகம் உண்டு. 1949ஆம் ஆண்டு முதல் 1953 வரை அதன் முன்வரிசையில் ஐவர் சேர்ந்து ஆடினர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டார். வங்காளிகள் அவர்களைப் பஞ்சபாண்டவர் என்றே அழைத்தனர். பட்டஞ் சூட்டும் பழக்கம் எனக்கு மட்டும் உரியதன்று என்று சிறிது ஆறுதல் அடைந்தேன். அகமது கான் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர். அக்குழுவிற் பலர் சப்பாத்தின்றி வெறுங்காலோடு ஆடியதை உலகம் வியந்து பார்த்தது. பாண்டவர் காலத்திலே 1949, 1950, 1951 என மூன்றாண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே வந்தது.

ஐவரும் நீங்கிய பின் என்ன நேர்ந்தது? வேறு சில கிண்ணங்கள் வந்தன. ஆயின் கல்கத்தா லீக் வெற்றி 1952க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் வரவில்லை. கழகம் காத்திருந்தது. 1957இல் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936ஆம் ஆண்டு பிறந்தவர். பெயர் துளசிதாஸ் பலராமன். 1961ஆம் ஆண்டிலே அவர் தலைமையில்தான் லீக் வெற்றி மீண்டது. பாண்டவர் ஐவரும் போன பின் பலராமர் வந்து தேரைச் செலுத்தினார் என்றால், பாரதம் படித்த எனக்கு நகை வாராமல் இருக்குமா? ஆயின் நகைத்து முடித்தபின் ஒன்று உறைத்தது. பலராமன் ஐவருள் எவருடைய நகலுமல்லர். இடப்புறமும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார், தாமும் கோல் அடிப்பார், பிறரையும் அடிக்கச் செய்வார். அவர் 2023ஆம் ஆண்டு மறைந்தபோது, எவருடைய இடத்துக்கு வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அவருடைய இடமாகவே ஆகிவிட்டிருந்தது.

நன்னூலைப் பல்லாண்டு கற்பிக்கிறேன். சொல்லதிகாரத்தின் இறுதியிலே பவணந்தி முனிவர், சொற்கள் சில வழக்கொழிவதும் வேறு சில புதிதாக வந்து சேர்வதும் மொழிக்கு வழுவன்று, காலத்தின் முறையே என்று விடை கொடுத்து நூலை முடிக்கிறார். ஒழிந்த சொல்லின் பொருளை அப்படியே சுமக்கும்படி புதிய சொல்லை அவர் பணிக்கவில்லை. வகுப்பறையில் நூறு முறை விளக்கிய சூத்திரம் மைதானத்தில் எனக்கு நினைவு வரவில்லை.

மறுநாட் காலையில் முதல் வேலையாக நிழற்படத்தைக் கழற்றி, அதிபர் அலுவலகத்துக்கு வெளியே கேடயங்கள் இருக்கும் இடத்தில் மாட்டினேன். அது அங்கே இருக்கத் தக்கதே. பிள்ளைகள் சட்டை மாற்றும் அறையில் இருக்கத் தக்கதன்று. எண்களையும் மாற்றினோம். எந்தச் சட்டை வேண்டும் என்று அவர்களையே கேட்டோம். 9ஆம் எண்ணை ஒருவரும் கேட்கவில்லை. அது இன்றும் அலுமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

குள்ளனுக்கு என்ன வழி? முதியவர் மணலிலே விரலாற் கோடு கீறிக் காட்டினார். 1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி இலண்டன் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி நாட்டுக் குழு இங்கிலாந்தை 6க்கு 3 என்று வென்றது. ஐரோப்பாக் கண்டத்துக் குழு ஒன்று இங்கிலாந்தை அதன் மண்ணில் வென்றது அதுவே முதன்முறை. அக் குழுவின் நடு முன்னணி வீரர் ஹிடெக்குட்டி கோல்வாயில் நில்லாமல் பின்னே இறங்கி ஆடினார். அவரைப் பின்தொடர்ந்தால் நடுவில் வழி திறக்கும். தொடராவிட்டால் அவர் தடையின்றி ஆடுவார். காவலர் மயங்கினர், அவர் மூன்று கோல் அடித்தார். "எங்கட குள்ளனையும் பின்னுக்கு இறக்குவம். பந்து அவன்ர காலுக்கு வரட்டும். திறக்கிற இடத்துக்குள்ளே ஓட ஒருத்தன் வேணும்" என்றார் முதியவர்.

ஓடுபவன் ஒருவன் இருந்தான். அவனே எங்கள் பெருங் கவலையும் ஆனான்.

வலைவடம்

அவன் இடப்புறத்துப் பின்காவலன். ஒல்லியான கறுத்த பிள்ளை. வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவன். திங்கட்கிழமை வருவான், செவ்வாய் வரமாட்டான். பந்து எங்கே விழும் என்பதைப் பிறர் அறிவதற்கு முன்னமே அறிந்து ஓடுவான். "எப்படியடா தெரியும்?" என்று கேட்டேன். "காத்தைப் பார்த்தாத் தெரியும், சேர்" என்றான். கடற்கரைப் பிள்ளை.

பயிற்சிக்கு அவன் இரண்டு நாள் வந்தான். நான்கு நாள் வரவில்லை. இடைப்பட்ட நாளில் பாடசாலைக்கும் வரவில்லை. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடுகள் மிகுந்தன. வகுப்பாசிரியை, "அவன் இனி நிற்கமாட்டான், சேர், வள்ளத்துக்குப் போய்விடுவான்" என்றார். வாடை ஓய்ந்து கடல் அமைதியுறும் பருவம் அது, கரைவலைக் காலம். எங்கள் உதைபந்துப் பருவமும் அதுவே.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பின்குடாக் கடற்கரைக்குச் சென்றேன். வலையை வளைத்து விட்டுத் தோணி கரை சேர்ந்திருந்தது. வடத்தின் இரு தலைப்பையும் இரு கூட்டத்தார் பற்றி இழுத்துக்கொண்டிருந்தனர். அவனும் அவன் தந்தையும் ஒரு வடத்தில் நின்றனர். என்னைக் கண்டதும் பிள்ளை தலை குனிந்தான். தந்தையார் வடத்தை விடாமலே பேசினார்.

"வாங்கோ ஐயா. பொடியனைத் தேடித்தான் வந்திருப்பியள்."

"ஓம். அவன் நல்லாய் ஓடுகிறான். குழுவுக்கு வேண்டும்."

"ஐயா, கோவிக்கக் கூடாது. பந்து சோறு போடுமோ? இஞ்ச ஒரு கை குறைஞ்சால் ஒரு பங்கு குறையும். வீட்டிலை இன்னும் மூண்டு பேர்."

நான் விடை கூறவில்லை. கூறக்கூடிய பொய்கள் பல இருந்தன. தேசியக் குழுவுக்குப் போவான், கொழும்புக் கழகம் அழைக்கும், வேலை கிடைக்கும் என்று சொல்லலாம். அவற்றுள் ஒன்றையும் சொல்ல நா எழவில்லை. "போடாது" என்றேன். "ஆனால் பந்து இருக்கிறபடியால்தான் அவன் பாடசாலைக்கு வருகிறான். பந்து நின்றால் படிப்பும் நின்றுவிடும். அடுத்த பரீட்சை வரையிலாவது அவன் வரவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை."

அவர் ஒன்றும் பேசவில்லை. வடம் இழுபட்டுக்கொண்டிருந்தது. சும்மா நிற்பது நன்றன்று என்று சப்பாத்தைக் கழற்றி வைத்து நானும் பற்றினேன். அப்பொழுதுதான் அத் தொழிலின் ஒழுங்கைக் கண்டேன். இழுத்துக்கொண்டே பின்னோக்கி நடக்கிறார்கள். கரையின் மேட்டை அடைந்த கடைசி ஆள் வடத்தை விட்டுவிட்டு இறங்கி நடந்து, அலையின் ஓரத்திலே முதல் ஆளாகப் பற்றிக்கொள்கிறான். பின் அடுத்தவன், பின் அதற்கடுத்தவன். எவர் விட்டாலும் வடம் நிற்பதில்லை. விட்டவனைக் குறித்து எவரும் வருந்துவதுமில்லை. முன்னே ஒரு கை சேர்ந்துவிட்டது என்பதை வடத்தின் இழுவையிலேயே அறிந்துகொள்கிறார்கள். என் முறை வந்தபோது நானும் மேட்டிலிருந்து இறங்கி அலையோரம் போய் நின்றேன். கை இரண்டும் கொப்புளித்தன. மடி கரையேறியபோது மீன் அதிகம் இல்லை.

விடைபெறும் வேளையில் தந்தையார் கூறினார்: "பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வலை இல்லை. திங்கள், புதன், வெள்ளி விடுறன். பள்ளிக்கூடம் விடியப் போகட்டும். சனி ஞாயிறு எனக்கு வேணும். பெரிய ஆட்டம் சனிக்கிழமை வந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கோ, ஐயா." பிள்ளை வலையை உதறிக்கொண்டே நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்க்க விடாமல் திரும்பிக்கொண்டான்.

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், தெரிந்து வினையாடல் என்று அடுத்த அதிகாரமும் வைத்தார். ஆளைத் தெரிதல் வேறு. தெரிந்த ஆளுக்கு ஏற்ற வினையை அளித்து அவனிடமே விட்டுவிடுதல் வேறு. முன்னதிலே நாங்கள் வல்லவர்கள். பின்னதிலே நான் தவறியிருந்தேன். பாண்டியனுடைய வளைவை அவனிடம் எதிர்பாராமல், அவன் ஓட்டத்தை அவனிடமே விட்டோம்.

வெற்றிடம்

ஆட்டக்காரர் நீங்குதல் எக்காலத்தும் இத்துணை நல்ல முறையில் நிகழ்ந்ததன்று. நான் மாணாக்கனாயிருந்த எண்பதுகளிலே, 1983க்குப் பின், எங்கள் குழுவின் முன்வரிசை ஒரு தவணைக்குள்ளே கலைந்தது. பரீட்சையாலன்று. ஒருவன் இரவோடிரவாகக் கடல் கடந்தான். ஒருவன் குடும்பத்தோடு அகதி முகாமுக்குப் போனான். ஒருவன் எங்கே போனான் என்பதை அவன் தாயாரும் அறியாள். அவ்வாண்டு நாங்கள் ஆடவில்லை. ஆடியிருந்தால் அவர்களை மறந்ததாகும் என்று எண்ணினோம். இன்று அவ்வெண்ணம் சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை.

1958ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி மியூனிக் நகரில் விமானம் விபத்துக்குள்ளாகி 23 பேர் மாண்டனர். அவர்களுள் எண்மர் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்து ஆட்டக்காரர். எண்மருள் ஒருவரான டங்கன் எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் மருத்துவமனையிற் போராடி உயிர் நீத்தார். அவர் இன்னும் படுக்கையிற் கிடந்தபோதே, பெப்ரவரி 19ஆந் திகதி கழகம் அடுத்த ஆட்டத்தை ஆட வேண்டியதாயிற்று. பார்வையாளருக்கு விற்ற நிகழ்ச்சித் தாளில் எதிர்க்குழுவின் பெயர்கள் அச்சாகியிருந்தன. மான்செஸ்டர் குழுவுக்குரிய பதினோர் இடங்களும் வெறுமையாய் விடப்பட்டிருந்தன. யார் ஆடுவர் என்பது அச்சிடும்போது எவருக்கும் தெரியாது. அன்று முதன்முறையாக முதற் குழுவில் இறங்கிய பிரென்னன் என்னும் இளைஞர் முன்வரிசையின் இடப்புறத்தில் ஆடி இரண்டு கோல் அடித்தார். 3க்கு 0 என்று வென்றனர். பத்தாண்டு கழித்து 1968ஆம் ஆண்டு மே மாதம் அக் கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற நாளிலும் பிரென்னன் ஆடினார். ஆயின் முன்வரிசையிலன்று, பின்காவலராக. வெற்றிடத்தை நிரப்ப வந்தவர் தமக்குரிய இடத்தைப் பின்னரே கண்டுகொண்டார்.

இதனை வகுப்பிலே ஒரு நாள் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், அவர் பின்னுக்குப் போனார், நான் முன்னுக்கு வாறன்." வகுப்பு முழுதும் சிரித்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அவன் செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறான் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை பழைய மாணாக்கர் குழுவோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தோம். சேரன் விடுமுறையில் வந்திருந்தான். உடல் சற்றுப் பருத்திருந்தது. பாண்டியன் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கி எழுந்து வந்தான். சோழன் தோகாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, ஆட்டத்தை யாரேனும் படம்பிடித்து அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தான். பழையவர்கள் ஒரு கோல் அடித்தனர். பிற்பாதியிலே குள்ளன் நடுவட்டத்தருகே பந்தை வாங்கி, தலை நிமிர்ந்து பார்த்து, எவரும் இல்லாத ஓர் இடத்துக்குத் தட்டினான். பழைய பயம் எனக்கு ஒரு கணம் மீண்டது. மறுகணம் அவ்விடத்தில் கடற்கரைப் பிள்ளை இருந்தான். ஆட்டம் 1க்கு 1 என முடிந்தது.

பாண்டியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே விளையாட்டு அறைக்கு வந்தான். சுவரிலே வெறும் ஆணியைக் கண்டு, "எங்கட படம் எங்க, சேர்?" என்றான். தயங்கிக்கொண்டே காரணத்தைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் ஆணியையே பார்த்து நின்றான். வருந்துகிறானோ என்று அஞ்சினேன். பின் தன் பையை எடுத்து அந்த ஆணியிலே மாட்டிவிட்டு, "இதுக்கு ஒரு கொழுக்கி இல்லாமல் நாங்கள் எத்தனை வருசம் பையை நிலத்திலை வைச்சம்" என்றான்.

அடுத்த கிழமை பருவத்தின் முதலாட்டம். எதிர்ப்பவர்கள் எங்களினும் வலியர். தோற்றாலும் தோற்போம். முதலாட்டம் ஒரு சனிக்கிழமை என்று பட்டியல் வந்திருக்கிறது. நாளை விடியற்காலையில் பின்குடாவுக்குப் போய் அந்தத் தந்தையாருக்கு முன்கூட்டிச் சொல்லவேண்டும். இம்முறை கைக்குத் துணி சுற்றிக்கொண்டு போவேன்.